சீர் குடுத்த டிராக்டர்

அந்த லாரியப் பாத்தீங்களாங்க? இப்ப நம்ம பஸ்ஸத் தாண்டிப் போச்சே, முதுகுல டிராக்டர ஏத்திக்கிட்டு. கட்டியிருக்கற லட்சணத்தப் பாருங்க. முன்னால ஒரு நைலான் கயிறு, பின்னால ஒரு நைலான் கயிறு. கன்னுக்குட்டியக் கட்டறவன்கூட இதவிட அழுத்தமாக் கட்டுவான். டிராக்டர ட்ரெய்லர்ல ஏத்துனா சங்கிலி போடோணும், சக்கரத்துக்குக் கட்டை வெக்கோணும், கியர்ல நிறுத்தோணும். இதையெல்லாம் ஆரு சொல்றது இவனுகளுக்கு.

நீங்க என்ன சோலி பாக்கறீங்க? பேங்க்கா. சரி. அப்ப உங்களுக்கு இது வெளங்கறது கஷ்டம். இருந்தாலும் சொல்றேன். காங்கயம் வரைக்கும் வர்றீங்கல்ல, பொழுது போகோணுமே.

நானும் ஒருக்கா ட்ரெய்லர் வாடகைக்குப் புடிச்சு ஒரு டிராக்டர ஊட்டுக்குக் கொண்டாந்தவன்தானுங்க. கோபிக்கு அந்தப் பக்கமிருந்து. என்ற டிராக்டர்தான், நான் வாங்குனது. ஆனா வாங்குன நாள்லருந்து இன்னொருத்தன் வாசல்ல நின்னுச்சு. எங்க மாப்ள வாசல்ல. ஆமாங்க, சீராக் குடுத்தது.

சீர்னா எல்லாரும் காரு குடுப்பாங்க. வெள்ளைக் காரு. ரோசாப்பூ மாலை போட்டு மண்டபத்து வாசல்ல நிறுத்துவாங்க. வர்றவன் போறவனெல்லாம் அதுமேல சாஞ்சு நின்னு போட்டோ எடுத்துக்குவான். அப்பறம் அந்தக் காரு என்ன பண்ணும்? பெட்ரோல் குடிக்கும், துணிக்கடைக்குப் போகும். நான் அந்த ரகமில்லீங்க. நான் டிராக்டர் குடுத்தேன். செகப்புக் கலரு, கலப்பையோட. மண்டபத்துல பாதிப்பேரு சிரிச்சானுக. எங்க பெரியப்பன் மகன் ஒருத்தன், "ஏனப்பா நாச்சிமுத்து, மாப்ளையப் பொண்ணு பக்கத்துல உக்கார வெக்கறதா, டிராக்டர்ல உக்கார வெக்கறதா"ன்னு கேட்டான். சிரிக்கட்டுமேன்னு உட்டுட்டேன். காட்டு வேலை தெரியாதவனுக எதுக்கு வேணாலும் சிரிப்பானுக.

சம்பந்தி ஊரு வாய்க்காப் பாசனம். மஞ்சளும் நெல்லும் வெளையற பூமி. எங்களுது கரட்டுக் காடு, மழை பேஞ்சா உண்டு, இல்லீன்னா இல்ல. அந்த பூமியப் பாத்துத்தான் புள்ளையக் குடுத்தேன். மாப்ளையப் பாத்திருந்தாக் குடுத்திருக்க மாட்டேன்.

மாப்ள பேரு பிரதீப்பு. இஞ்சினீரு படிச்சிருக்கறான். என்ன இஞ்சினீருன்னு கேக்காதீங்க, அவனுக்கே தெரியாது. கட்டல்ல படுத்துக்கிட்டு, போன நெஞ்சுமேல நிறுத்தி வெச்சுக்கிட்டு, காளான் வளக்கப் போறேன்னான். மீன் வளக்கப் போறேன்னான். அவன் வளத்துனது தொப்பை ஒண்ணுதான். டிராக்டர் சாவிய மண்டபத்துல நான் கையில குடுக்கறேன், ரெண்டு வெரல்ல புடிச்சு வாங்குனானுங்க, செத்த எலியோட வாலப் புடிக்கற மாதிரி. அவங்கப்பன் சென்னியப்பன் அதுக்கு மேல. வேட்டி மடிப்புக் கலையாம வாழற மனுசன். காட்டுக்குப் போனாலும் வரப்புல நின்னு பாத்துட்டு வந்துருவாரு, உள்ள எறங்க மாட்டாரு. மாப்ளையோட அம்மா, அந்தம்மா இருக்குது பாருங்க, அது பேசறது கம்மி. ஆனா பேசுனா அன்னைக்குப் பூராவும் நமக்குச் சோறு எறங்காது.

என்ற புள்ளை பேரு சுகந்தி. ஒரே புள்ளை. கண்ணாலம் ஆன மொத வருசத்துலயே போன் வர ஆரம்பிச்சிருச்சு. "அப்பா, ஒரு எட்டு வந்து என்னயக் கூட்டிட்டுப் போங்கப்பா"ன்னும். என்னாச்சுன்னு கேட்டா சொல்லாது. சும்மா மூச்சு மட்டும் கேக்கும். சொல்லாத விசயத்துக்கு நான் என்னங்க பண்றது? "எல்லா ஊட்லயும் இருக்கறதுதான் கண்ணு, அனுசரிச்சுக்கோ"ன்னு சொல்லி வெச்சுருவேன். என்ற சம்சாரம் ருக்குமணி பக்கத்துலயே நின்னுக்கிட்டு, "ஒருக்காப் போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களே"ன்னுவா. கூப்புட்ட கொரலுக்கெல்லாம் ஓடுனா சம்பந்தி ஊட்ல நமக்கு என்ன மதிப்பு இருக்கும்? நான் போகல. ஆடிக்கு ஒருக்கா, தீவாளிக்கு ஒருக்கா, பலகாரத்தக் குடுத்தமா வந்தமான்னு இருந்தேன். அந்த விசயத்துல எனக்கு நல்ல பேருங்க. மகளக் குடுத்த ஊட்டு வாசல்ல சும்மா சும்மா வந்து நிக்காத மனுசன்னு.

அப்படியே போயிட்டிருந்துச்சு. ஒரு நாளு மாப்ளையே போன் பண்ணுனான். கண்ணாலம் ஆனதுலருந்து அவன் எனக்குப் போன் பண்ணுனது அதுதான் மொதத் தடவை. நான்கூட ஏதோ நல்ல சேதின்னு நெனச்சுட்டேன்.

"மாமா, உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்"னான்.

"எதுக்குங்க மாப்ள?"

"டிராக்டரக் குடுத்தரலாம்னு இருக்கறோம். ஆள் பாத்தாச்சு. வண்டி இன்னும் உங்க பேர்லதான் இருக்குது. ஸ்டார்ட்டும் ஆகறதில்ல, சும்மா எடத்த அடைச்சுட்டு நிக்குது."

பேர மாத்தாம வெச்சிருந்தது எதுக்குங்கறீங்க? இந்த மாதிரி ஆளுகளுக்காகத்தான். நான் என்ன ஏமாந்தவனா? ஆனா பாருங்க, கேட்டதும் எனக்கு ஆத்திரம் தாங்கல. நான் ஊரு பாக்கக் குடுத்த சீர விக்கறதுக்கு என்னயவே கையெழுத்துப் போடச் சொல்றான். நாளைக்கு எவனோ ஒருத்தன் அதுல செங்கல் ஏத்திக்கிட்டு எங்கூர் வழியாவே போவான், அன்னைக்கு மண்டபத்துல சிரிச்சவனெல்லாம் மறுபடியும் சிரிப்பான். "கையெழுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல, வண்டிய நான் வந்து எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டேன். அந்த நிமிசமே சட்டைய மாட்டிட்டுக் கெளம்பிட்டேன்.

ருக்குமணி வாசப்படியில நின்னு ஒரு மாதிரியாப் பாத்தா. "டிராக்டருக்குன்னதும் கெளம்பிட்டீங்க"ன்னா.

ஆமா, பின்ன எதுக்குக் கெளம்புவாங்க? அவ பேச்சே அப்படித்தானுங்க. பாதியச் சொல்லுவா, மீதிய முழுங்கிருவா. நமக்கு ஒண்ணும் வெளங்காது.

பெருந்துறையில ட்ரெய்லர் வண்டி நிக்கற எடத்துல ஒண்ண வாடகைக்குப் பேசுனேன். ஓட்டிட்டே வந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. ஸ்டார்ட் ஆகறதில்லன்னு மாப்ளதான் சொல்லிட்டானே. அதுமில்லாம சீர் வண்டி பொகையக் கக்கிக்கிட்டு ரோட்ல தள்ளாடிட்டு வந்தாப் பாக்கறவன் என்ன நெனப்பான்? மேல ஏத்தி, சங்கிலி போட்டு, தேரு மாதிரி கொண்டாந்தாத்தான் மரியாதை. எனக்கு ஓட்டத் தெரியுமான்னா, ஓட்டறவனுக்குப் பக்கத்துல நின்னு எப்படி ஓட்டோணும்னு சொல்லத் தெரியும். அது போதும்.

ட்ரெய்லர் டிரைவர் பேரு இருதயராஜ். திண்டுக்கல் பக்கத்து ஆளு. அய்யோ, அந்த மனுசன் ஓட்டறத நீங்க பாக்கோணும். மாட்டு வண்டிக்காரன் நம்மளத் தாண்டிப் போறான், இவன் அவனுக்கு வழி உட்டுட்டு இருக்கறான். "ஏனப்பா, காலி வண்டிதானே, அழுத்திப் போ"ன்னேன். "லோடு ஏத்துனப்பறம் இதவிட மெதுவாத்தான் போவேன்யா, இப்பமே பழகிக்கிடுங்க"ங்கறான். பிஸ்கட்டுப் பொட்டலத்த என் பக்கம் நீட்டுனான். நான் வாங்கல. டிரைவருக கிட்ட நான் வாங்கித் திங்கறதில்ல.

சம்பந்தி ஊட்டு வாசல்ல போய் எறங்குனோம். சென்னியப்பன் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தவரு எந்திரிச்சு, வாங்கன்னு சொல்லாம, வேட்டிய மட்டும் சரி பண்ணிக்கிட்டாரு. டிராக்டர் கோழிக்கூண்டுக்குப் பக்கத்துல நின்னுச்சு. நான் என்ன நெனச்சுட்டுப் போனேன்னா, மழையில நனைஞ்சு, துருப்புடிச்சு, சீட்டுமேல கோழி முட்டை வெச்சுக் கெடக்கும்னு. அப்படி இல்லீங்க. தொடச்சு வெச்சாப்ல இருந்துச்சு. கிரீஸ் வெச்ச எடமெல்லாம் தெரியுது. டயர் பள்ளத்துல மட்டும் காஞ்ச சேறு. கலப்பைக் கொழு தேஞ்சு பளபளங்குது. சும்மா நின்ன வண்டிக்குக் கொழு தேயுங்களா?

"ஆரு ஓட்டுனது?"ன்னு கேட்டேன்.

"உங்க மகளையே கேளுங்க"ன்னுச்சு அந்தம்மா, உள்ளருந்து.

அப்பறம் சென்னியப்பந்தான் சொன்னாரு. என்ற புள்ளை டிராக்டர் ஓட்டப் பழகிருக்குது. அவிய காட்டுல உழவு ஓட்டறவன் ஒருத்தன் வராத அன்னைக்கு இவளே ஏறி ஓட்டிருக்கறா. அதோட நிக்கல. பக்கத்துக் காடு, அதுக்குப் பக்கத்துக் காடுன்னு கூலிக்கு ஓட்டப் போயிருக்கறா. மொதல்ல அவியளும் ஒண்ணும் சொல்லல, வர்ற காசு கசக்குமா? ஊர்ல நாலு பேரு, "என்னங்க, மருமக ஓட்டறா, மகன் படுத்துட்டு இருக்கறானா"ன்னு கேக்கவும் ரோசம் வந்திருச்சு. வேண்டாம்னு சொல்லிருக்கறாங்க. இவ கேக்கல. மாப்ள பேட்டரியக் கழட்டி ஊட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டான். அதாங்க ஸ்டார்ட் ஆகாத ரகசியம். இஞ்சினீரு படிச்சு அவன் பண்ணுன ஒரே வேலை அதுதான்.

எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல ஆயிருச்சு. நான் சீர் குடுத்தது மாப்ள ஓட்டறதுக்கு. இவ ஏறி உக்காந்து ஊரான் காட்ல உழவு ஓட்டறதுக்கா? அந்தப் பய என்னடான்னா சன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டல்ல கெடக்கறான். மாமன் வந்திருக்கறேன்னு ஒரு எட்டு வெளிய வரல. வெக்கங்கெட்ட பய. அவனையும் ஒருத்தன்னு நெனச்சுக் கெஞ்சி, தேதி கேட்டு, மண்டபம் புடிச்சவன் நான்.

சுகந்தி வெளிய வந்தா. நைட்டி போட்டு மேல ஒரு துண்டு. நெம்ப எளச்சுப் போயிருந்தா. இந்தக் காலத்துப் புள்ளைக டயட்டு கியட்டுன்னு சொல்லிக்கிட்டு ஒழுங்காத் திங்கறதில்லீங்க.

"வாங்கப்பா"ன்னா.

"டிராக்டரக் கொண்டு போலாம்னு வந்தேன்"ன்னேன்.

"தெரியும்பா. காலையில அவரு போன்ல பேசறப்பப் பக்கத்துலதான் இருந்தேன்"னுட்டு உள்ள போயிட்டா. அழுகை கிழுகை ஒண்ணுமில்ல. நல்லவேளைன்னு நெனச்சேன்.

திரும்பி வர்றா, இடுப்புல பேட்டரி. தண்ணிக் கொடத்த வெச்சுட்டு வர்ற மாதிரி. எங்க ஒளிச்சு வெச்சானோ, அதையும் தேடிப் புடிச்சு வெச்சிருந்திருக்கறா. மாமியாக்காரி பாத்துக்கிட்டே நிக்குது. இவ நேராப் போயி டிராக்டர் பெட்டிக்குள்ள அத வெச்சு மூடிட்டா.

இருதயராஜ் இரும்புப் பலகை ரெண்டையும் சாச்சுப் போட்டான். கம்பி வடத்த மாட்டி, மோட்டார் போட்டு இழுக்கறது. ஆனா இழுக்கறப்ப ஒரு ஆள் மேல உக்காந்து ஸ்டீரிங் புடிக்கோணும், இல்லீன்னா சக்கரம் பலகைய உட்டு எறங்கிரும். "ஆரு உக்காருறது?"ன்னு கேட்டான். சென்னியப்பன் வேட்டியப் பாத்துக்கிட்டாரு. மாப்ளைக்கு முதுகு வலின்னு அந்தம்மா சொல்லுச்சு. டிரைவர் என்னயப் பாத்தான். நான் என்னங்க பண்றது, வெயிலு வேற கண்ணக் கூசுது, எனக்குக் கண்ணுல அப்பவே கொஞ்சம் பொரை. சொன்னேன். அதுக்குள்ள இவ நைட்டிய ஒரு சுத்து சுருட்டிக்கிட்டு மேல ஏறி உக்காந்துட்டா.

வண்டி ஒரு வெரக்கடை இப்படி அப்படிப் போகல. நேரா ஏறி நின்னுச்சு. "சுத்தமா வந்துருச்சு தங்கச்சி"ங்கறான் இருதயராஜ். என்ற புள்ளையத் தங்கச்சிங்கறதுக்கு இவன் ஆரு? சரி, வாடகை வண்டிக்காரன்கிட்ட எதுக்குப் பேச்சுன்னு உட்டுட்டேன். சங்கிலி போட்டான், கட்டை வெச்சான். எல்லாம் முடிஞ்சுது.

இவ எறங்கல.

"எறங்கு கண்ணு, வண்டி கெளம்போணும்"னேன்.

ஸ்டீரிங்கப் புடிச்சுட்டு முன்னால பாத்துட்டு உக்காந்திருக்கறா.

"சுகந்தி, எறங்கும்மா"ன்னாரு சென்னியப்பன். அப்பத்தான் மாப்ள வெளிய வந்தான், போன் கையில. "ஏய், எறங்குடி. வேடிக்கை காட்டாத"ன்னான். நான் இருக்கறப்பவே. அந்த வார்த்தைய என் முன்னால சொல்றான்னா அவனுக்கு எவ்வளவு திமிரு பாருங்க. மாமன் நிக்கறேன்னு ஒரு மரியாதை வேண்டாமா?

பக்கத்து ஊட்டுக்காரங்க வேலியோரமா வந்து நின்னாங்க. நான் டிராக்டருக்கு வந்தவனுங்க. இதுக்கு நான் வரல. புள்ளையக் கூட்டிட்டுப் போறதுன்னா அதுக்கு ஒரு மொறை இருக்குது, பெரிய மனுசங்க நாலு பேரு உக்காந்து பேசோணும். இப்படி டிராக்டரோட ஏத்திட்டா போவாங்க?

இருதயராஜ் சொன்னான்: "ஐயா, மேல ஆள் இருந்தா நான் வண்டி எடுக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அப்பத்தான் அவ வாயத் தொறந்தா. "கேபின்ல ஏறட்டுமாப்பா, இல்ல இங்கயே உக்காந்து வரட்டுமா?"

பாத்தீங்களா கேள்விய? எறங்கட்டுமான்னு கேக்கல.

அந்தம்மா வாசப்படியிலருந்து ஒரு பேச்சு பேசுச்சு. "சீரோட வந்தவதானே, சீரோடயே போகட்டும். ரெண்டும் இங்க உபயோகமில்ல." அவ்வளவுதான். எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. நான் குடுத்த வண்டிய உபயோகமில்லங்கறா. அந்த ஒரு பேச்சுக்காகத்தானுங்க கூட்டிட்டு வந்தேன். இல்லீன்னா எறங்கச் சொல்லி, புத்தி சொல்லி, உட்டுட்டுத்தான் வந்திருப்பேன். "கேபின்ல ஏறு"ன்னேன். ஏறிட்டா. ஒரு பை எடுக்கல, ஒரு சீல எடுக்கல. பேட்டரி ஒண்ணுதான் அவ எடுத்தது.

வழியெல்லாம் எனக்கும் டிரைவருக்கும் நடுவுல உக்காந்திருந்தா. இடது கையில முழங்கைக்கு மேல, பின்பக்கமா ஒரு தழும்பு, வட்டமா, அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. "என்னது?"ன்னேன். "சைலன்சர் பட்டுருச்சுப்பா"ன்னா. டிராக்டருக்கு சைலன்சர் முன்னால இருக்குது, கைக்குப் பின்னால எப்படிப் படும்? கவனமா வேலை செய்யத் தெரியாது. சின்ன வயசுலருந்தே அப்படித்தான். இருதயராஜ் அந்தத் தழும்பப் பாத்தான், அப்பறம் ரோட்டப் பாத்தான். ஓடிட்டு இருந்த பாட்ட அணைச்சுட்டான். எதுக்கு அணைச்சான்னு எனக்குத் தெரியல.

ஒரு ஓட்டல்ல நிறுத்துனான். நான் டீ போதும்னேன். இவ புரோட்டா கேட்டா. தின்னா, மறுபடியும் கேட்டா, மறுபடியும் தின்னா. தலைய நிமுத்தல. அன்னியன் ஒருத்தன் எதுத்தாப்ல உக்காந்திருக்கறானேங்கற கூச்சம் இல்ல. அங்க சோறே போடாத மாதிரி. வாய்க்காப் பாசனம், மூட்டை மூட்டையா நெல்லு கெடக்கற ஊடுங்க அது. பாக்கறவன் என்ன நெனப்பான்? இருதயராஜ் தன்னோட எலையிலருந்த ஆம்லெட்ட அவ எலைக்குத் தள்ளி வெச்சான். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

பொறவு தூங்கிட்டா. தலைய என் தோள்மேல போட்டுக்கிட்டு. சித்த நேரத்துல எனக்குக் கை மரத்துப்போச்சு. நகந்தா முழிச்சுக்குவா. சென்னிமலை தாண்டற வரைக்கும் அப்படியே வந்தேன், கைய எடுக்கவும் முடியாம, வெக்கவும் முடியாம. அந்த இருதயராஜ் மனுசன் மாதிரி ஓட்டியிருந்தா அவ்வளவு நேரம் ஆயிருக்குமா? ஒரு குழி உடல, எல்லாத்தையும் சுத்திச் சுத்தி ஓட்டறான், கண்ணாடிச் சாமான் ஏத்திட்டு வந்த மாதிரி.

எங்க ஊரு ரோட்டுலருந்து உள்ள தள்ளி. திரும்பற எடத்துல வண்டிய நிறுத்தச் சொன்னேன். நான் யோசனை பண்ணி வெச்சிருந்தேங்க. பட்டப்பகல்ல புள்ளை டிராக்டரோட வந்து எறங்குனா ஊரு என்ன பேசும்? வாழாவெட்டின்னு பேரு வெச்சுருவானுக. அதனால டிராக்டர் மொதல்ல போகட்டும், மரியாதையா, எல்லாரும் பாக்கற மாதிரி. இவ இங்க எறங்கி, பொழுது சாஞ்சதும் காட்டு வழியா வந்து பொடக்காளிப் பக்கமா, பின்வாசல் வழியா ஊட்டுக்குள்ள வந்துரட்டும். ஆருக்கும் தெரியாது. புத்தியுள்ள எவனும் இதத்தான் செய்வான். நீங்களே சொல்லுங்க.

அவளை எழுப்பிச் சொன்னேன். பூராத்தையும் கேட்டா.

"டிராக்டர் ஊருக்குள்ள வந்தா உங்களுக்கு மரியாதை. நான் வந்தா இல்ல. அப்படித்தானேப்பா?"ன்னா.

"அதுக்கு இது நேரமில்ல கண்ணு. சொன்னதக் கேளு."

"மூணு வருசமாச் சொன்னதத்தானேப்பா கேட்டேன்"ன்னா. சத்தம் போடல. அழுத்தியும் சொல்லல. என்னயத் தாண்டி, கதவத் தொறந்துட்டுக் கீழ எறங்குனா. சரி, புரிஞ்சுக்கிட்டா, காட்டு வழியாப் போகப் போறான்னு நெனச்சேன். அவ சுத்திக்கிட்டு டிரைவர் பக்கம் போனா. "அண்ணா, பலகையப் போடுங்க. வண்டிய இங்கயே எறக்கிக்கறேன்."

வாடகை பேசுனவன் நான். கூட்டிட்டுப் போனவன் நான். அவன் என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேக்கோணுமா இல்லீங்களா? கேக்கல. எறங்கிப் போயிச் சங்கிலியக் கழட்டறான். இவ பேட்டரிய மாட்டுனா, அதுல சார்ஜ் இல்லன்னதும் அவனோட லாரிலருந்து வயரு குடுத்தான். ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்க மாதிரி பேசிக்கிட்டு வேலை பாக்கறாங்க. நான் ரோட்டோரமா நிக்கறேன். ஒரு சத்தம், ஒரு பொகை, வண்டி கெளம்பிருச்சு. கெளம்புன சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு, அதச் சொல்லோணும். பின்னால பாத்துக்கிட்டே எறக்குனா. துண்ட எடுத்துத் தலையில சுத்திக் கட்டுனா. வண்டிய ஊருக்குள்ள உட்டுட்டா.

நான் என்ன பண்றது? காலி ட்ரெய்லர்ல ஏறி அவ பின்னால போனேன். டீக்கடை, ரேசன் கடை, பால் ஊத்தற எடம், எல்லா எடத்துலயும் சனம். எல்லாரும் மொதல்ல டிராக்டரப் பாத்தாங்க, அப்பறம் அவளப் பாத்தாங்க, அப்பறம் பின்னால காலி வண்டியில வர்ற என்னயப் பாத்தாங்க. மண்டபத்துல கேட்டானே எங்க பெரியப்பன் மகன், அவன் டீக்கடை பெஞ்சுலருந்து எந்திரிச்சே நின்னுட்டான். இருதயராஜ் வேற, இன்னும் மெதுவா ஓட்டறான். "சாமி ஊர்வலமா போற, அழுத்துப்பா"ன்னேன். "முன்னால வண்டி போகுதுய்யா"ங்கறான்.

ஊட்டு வாசல்ல ருக்குமணி நின்னா. ஓடி வரல, கட்டிப் புடிக்கல. சுகந்தி எறங்குனதும் அவ கையப் புடிச்சு, திருப்பி, அந்தத் தழும்பப் பாத்தா. சைலன்சருன்னு நான் சொன்னேன். அவ என்னயப் பாத்த பார்வை இருக்குதே, அதச் சொல்லி என்ன ஆகப்போகுது. உள்ள போனா மூணு தட்டு போட்டு வெச்சிருக்கறா. நான் ஆருக்கும் போன் பண்ணிச் சொல்லல. "ஆரு வர்றான்னு மூணு தட்டு?"ன்னேன். "கையக் கழுவிட்டு உக்காருங்க"ன்னா. அப்பறம் வாசலுக்குப் போயி அந்த டிரைவரையும் கூப்புட்டு, நாலாவதா ஒரு தட்டும் போட்டா. அவன் சங்கடப்படாம உக்காந்து தின்னான். போறப்ப எங்கிட்டச் சொல்லிக்கல. "வர்றேன் தங்கச்சி"ன்னு அவகிட்டச் சொல்லிட்டுப் போனான். எங்கிட்ட வாடகைய மட்டும் வாங்கிக்கிட்டான்.

அப்பறம் என்ன? சென்னியப்பன் ஆளக் கூட்டிட்டு ஒருக்கா வந்தாரு, வேட்டி மடிப்போட. மருமகளக் கூப்புட வந்தாராம். வண்டியும் வந்தா நல்லதாம், மஞ்சக் காட்டுக்கு உழவு ஓட்டறதுக்கு ஆளு கெடைக்கலியாம். நான்கூட, பெரிய மனுசங்க வந்துட்டாங்களே, பேசி முடிக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா அவ ஊட்ல இல்ல, உழவு ஓட்டப் போயிட்டா. ருக்குமணி காப்பி வெச்சா, சக்கரை போடாம. வெச்சது ஆடை கட்டுற வரைக்கும் உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

இப்ப எங்க சுத்துவட்டாரம் பூராவும் அவதான் ஓட்டறா. மழை விழுந்தாப் போதும், வாசல்ல ஆளு நிக்குது. "சுகந்தியக்கா இருக்குதுங்களா?"ங்கறானுக எங்கிட்ட. முன்னெல்லாம் நாச்சிமுத்து ஊடு எதுன்னு கேட்டு வருவாங்க. இப்ப டிராக்டர்காரப் புள்ள ஊடுன்னு கேட்டு வர்றானுக. போன வாரம் ஒருத்தன் எங்கிட்டயே, "நீங்க அங்க வேலைக்கு இருக்கறீங்களா?"ன்னு கேட்டான். என்னத்தச் சொல்றது? ஊரே ஒரு பொம்பளப் புள்ளைக்குக் கைகட்டி நிக்குது, காட்ட ஓட்டறதுக்கு. ஆம்பளைகளா இவனுக?

இப்ப ஈரோட்டுக்கு எதுக்குப் போனேங்கறீங்களா? இந்தப் பை. டிராக்டர் ஹைட்ராலிக்குக்கு ஏதோ ரப்பர் சீலாம், சொல்லி உட்டா. கடைக்காரன் பாத்துட்டு, "பரவால்லீங்களே, உங்க பையன் வண்டிய நல்லாப் பாத்துக்கறான், எது போயிருக்குதுன்னு கரெக்டாச் சொல்லி உட்டிருக்கறான்"னான். ஆமாங்கன்னுட்டேன். எதுக்கு அவன்கிட்டப் போயி பையன் இல்ல, புள்ளைன்னு வெளக்கிக்கிட்டு. ஆனா அவன் அப்படிச் சொல்றப்ப, கேக்கறதுக்கு ஒரு மாதிரி நல்லாத்தாங்க இருந்துச்சு.

இந்தா, எங்க ஸ்டாப்பு வந்திருச்சு. அந்த வேப்பமரத்துக்குக் கீழ டிராக்டர் நிக்குது பாருங்க, செகப்பா. வந்து நிக்கறா. வேண்டாம்னு சொன்னாக் கேக்கறதில்ல. நான் ஏற மாட்டேன். அவ ஓட்டற வண்டியில நான் உக்காந்து ஊருக்குள்ள போனா என்ன மரியாதை? பைய மட்டும் குடுத்து உட்டுட்டு நடந்துதான் போவேன். அவ என்ன பண்ணுவாங்கறீங்க? மொத கியர்ல போட்டு, எனக்குப் பக்கத்துலயே, நான் நடக்கற வேகத்துக்கே உருட்டிக்கிட்டு வருவா, ஊடு வர்ற வரைக்கும். நான் நின்னா நிப்பா. அவ்வளவு டீசலும் வீணு. வெவரங்கெட்ட புள்ளைங்க.

சித்த நகருங்க, எறங்கோணும்.